பெங்களூரு வேலைக்கு எவ்வளவு சம்பளம் கேட்பது?

கோவையில் அடுக்குமாடிக் கட்டுமானத்தில் திட்ட மேலாளராக இருக்கிறேன். அனுபவம் 12 ஆண்டு, கைக்கு வருவது மாதம் 85,000 ரூபாய். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் 1,10,000 தருவதாக ஒரு நிறுவனம் அழைக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கணக்குதான் உதைக்கிறது. இங்கே வாடகை 14,000. அங்கே விசாரித்த வீடுகள் எதுவும் 35,000க்குக் குறைவில்லை. முன்பணம் பல மாத வாடகை. தண்ணீர் லாரிச் செலவு வேறு, 2024 கோடையில் அந்த ஊர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பள்ளிக் கட்டணத்தையும் சேர்த்தால் கூடுதல் சம்பளம் கரைந்துவிடுகிறது.

நிறுவனத்திடம் தங்குமிடம் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். வாடகைப்படியை உயர்த்தக் கேட்டால், அடிப்படைச் சம்பளத்தில் குறைத்து வாடகைப்படியில் கூட்டுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. குடும்பத்தைப் பிரிந்து போக மனமில்லை.

ஒயிட்ஃபீல்ட் பக்கம் குடும்பத்தோடு வசிக்கும் கட்டுமானத் துறையினர் சொல்லுங்கள்: இரண்டு பிள்ளைகளோடு கோவையில் வாழ்வதுபோல் அங்கே வாழ, கைக்கு எவ்வளவு வர வேண்டும்?