கதவுக்கு ஷீட் ஒட்டுவதா, டயரை மாற்றுவதா? காருக்குள் வரும் இரைச்சல் பற்றி ஒரு சண்டை

ஒத்தக்கடை ஹேட்ச்பேக்:
வணக்கம் மக்களே. என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக். மதுரை ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. மேலூர் தாண்டி திருச்சி ரோட்டில் 80-ஐத் தொட்டால் போதும், உள்ளே ஒரே இரைச்சல். பின்சீட்டிலிருந்து அம்மா ஏதாவது கேட்டால் பாட்டை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் விசாரித்தேன். நாலு கதவு, தரை, டிக்கி, மேற்கூரை எல்லாவற்றுக்கும் டேம்பிங் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்க உள்ளே ஒட்டுவது) ஒட்ட 28,000 கேட்கிறார்கள். "வண்டி அப்படியே சைலன்ட் ஆயிரும் சார்" என்றார் கடைக்காரர். ஒட்டலாமா?

வைகை வடகரை:
யோசிக்காமல் ஒட்டுங்க தம்பி. என் செடானுக்கு ஒட்டித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கதவைச் சாத்தும்போதே வித்தியாசம் தெரியும். முன்பு டங்கென்று தகரச் சத்தம், இப்போது தொப்பென்று மூடுகிறது. சின்ன வண்டிகளில் விலையைக் குறைக்க கதவுக்குள்ளே வெறும் தகடாக விட்டுவிடுகிறார்கள், அதுதான் பிரச்சினையே. ஒன்று மட்டும் கவனம்: ப்யூட்டைல் ரப்பரின் மேல் அலுமினியத் தாள் போட்ட ஷீட்டாகப் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிற தார் ஷீட் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் வண்டியை வெளியே நிறுத்தினால் இளகி இறங்கும், நாற்றமும் போகாது.

டயர்ப்பித்தன்:
வடகரை அண்ணே, கதவு தொப்பென்று மூடுவதற்கும் 90-ல் போகும்போது கேட்கிற இரைச்சலுக்கும் என்ன சம்பந்தம்? ஷீட்டுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, தகடு அதிர்வதை அடக்குவது. பித்தளைக் குடத்தைத் தட்டிவிட்டு விளிம்பில் விரலை வைத்தால் ஓசை நிற்கும் அல்லவா, அவ்வளவுதான். காற்று வழியாக உள்ளே வருகிற சத்தத்தை 2 மி.மீ. ஷீட் மறிக்காது. மறிப்பதற்கு எடை வேண்டும். தடுப்பின் எடையை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும், அதுவும் எங்கேயும் இடுக்கு இல்லாமல் மூடியிருந்தால். கதவின் மேல்பாதி கண்ணாடி. அதற்கு என்ன ஒட்டப் போகிறீர்கள்?

தம்பி, கடைக்குப் போகும் முன் டயரைப் பாருங்க. பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்குகிற வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். என்ன போட்டிருக்கு?

ஒத்தக்கடை ஹேட்ச்பேக்:
3520. நாலிலும் அதேதான். ஆனால் பட்டன், அதாவது ரோட்டைத் தொடுகிற கட்டைகள், நன்றாகவே இருக்கிறது அண்ணா, பாதிகூடத் தேயவில்லை.

டயர்ப்பித்தன்:
35-வது வாரம், 2020. அதாவது ஆகஸ்ட் கடைசி. பட்டன் இருக்கலாம், ரப்பர் கெட்டியாகியிருக்கும். நம் ஊர் வெயிலில் நின்று நின்று காய்ந்த ரப்பர் ரோட்டின் சொரசொரப்பை உள்வாங்காது. அப்படியே வீல், சஸ்பென்ஷன், பாடி என்று மேலே அனுப்பிவிடும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், புது டயருக்கும் இதற்கும் வித்தியாசம் விரலுக்கே தெரியும்.

அப்புறம் இன்னொன்று. பின் டயரின் பட்டன் மேல் உள்ளங்கையை வைத்து, டயர் உருளும் திசையில் ஒருமுறை தடவுங்கள், எதிர்த்திசையில் ஒருமுறை தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் ஒவ்வொரு கட்டையும் கையில் இடறினால் டயர் ஏறுக்குமாறாகத் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அலைன்மென்ட் பார்க்காமலும், டயரை முன்பின் மாற்றாமலும் ஓட்டினால் வருகிற கதை. அதுதான் "ஹூம்..." என்று வேகத்தோடு ஏறுகிற ஓசை. பாதிப் பேர் இதை பேரிங் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடுவார்கள்.

டயரில் அடிக்கிற காற்றையும் சொல்லிவிடுகிறேன். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருப்பதுதான் அளவு. பஞ்சர் கடையில் "லாங் போறீங்களா, 40 வெச்சிரட்டா?" என்று கேட்டால் தலையாட்டாதீர்கள். கல் மாதிரி இருக்கிற டயர் சத்தத்தைக் கூட்டும், பிரேக் பிடிப்பையும் கெடுக்கும்.

ஆண்டிபட்டிக் கணவாய்:
டாக்ஸி ஓட்டுறவன் நான். ரெண்டு பேரும் வெளியே வீசுற காற்றை மறந்துட்டீங்க. ஆடி மாசம் தேனி ரோட்டில் உசிலம்பட்டி தாண்டிக் கணவாய்ப் பக்கம் வாங்க, டயர் சத்தம் ஒண்ணுமே கேட்காது, காற்று ஊளைதான். தம்பி, கதவுக் கண்ணாடிக்கு மேலே சாரல் தடுக்கிற மழை வைசர் ஒட்டியிருக்கா? கூரையில் கேரியர் இருக்கா?

ஒத்தக்கடை ஹேட்ச்பேக்:
வைசர் இருக்கு அண்ணே, முன்பு வைத்திருந்தவர் போட்டது. கேரியர் இல்லை.

ஆண்டிபட்டிக் கணவாய்:
பாதிக் குற்றவாளி அதுதான். சைடு மிரரைச் சுற்றி வருகிற காற்று நேரே அதில்தான் மோதும், உங்க காதுக்கு ஒரு சாண் தூரத்தில். செலவில்லாமல் ஒரு சோதனை சொல்றேன். பெயின்ட் அடிக்கிறவர்கள் ஒட்டும் பேப்பர் டேப் ஒரு சுருள் வாங்குங்க. வெளியே கதவு இடுக்கு, மிரர் அடிப்பக்கம், கண்ணாடி ஓரம் எல்லாம் ஒட்டிட்டு ஹைவேயில் ஒரு ஓட்டு. டிரைவர் கதவை மட்டும் விட்டுட்டு மற்ற மூன்றுக்கும் ஒட்டலாம், ஏறி இறங்கணும்ல. சத்தம் குறைஞ்சா பீடிங்தான், அதான் கதவோர ரப்பர், கோளாறு. ஒவ்வொரு டேப்பா உரிச்சுக்கிட்டே வாங்க, எதை உரிச்சதும் சத்தம் திரும்புதோ அங்கேதான் ஓட்டை.

டேப் வாங்கச் சோம்பலா? பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வெச்சுச் சாத்திட்டு இழுங்க. இறுக்கமா வரணும். வழுக்கிக்கிட்டு வந்தா அந்த இடத்தில் ரப்பர் செத்துப்போச்சு.

வைகை வடகரை:
நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் பித்தா, நீ பேசுவது புத்தகக் கணக்கு. என் வண்டியில் டயரும் அதே, பீடிங்கும் அதே. ஷீட் ஒட்டியதும் சரளை ரோட்டில் வீல் மட்கார்டில் கல் தெறிக்கிற சத்தம் கேட்கவே இல்லை. மழை பெய்தால் கூரையில் தடதட இல்லை. இதெல்லாம் சத்தம் இல்லையா?

டயர்ப்பித்தன்:
சத்தம்தான் அண்ணே, ஆனால் தம்பி கேட்ட சத்தம் அது இல்லை. கடையில் போனில் டெசிபல் ஆப் வைத்து முன்னும் பின்னும் அளந்து காட்டுவார்களே, உங்களுக்கு எவ்வளவு குறைந்தது?

வைகை வடகரை:
3 டெசிபல் சொச்சம். அதற்கென்ன இப்போ? என் காது ஆப்பை விட நல்ல காது.

தெப்பக்குளம் ஈவி:
இந்த இடத்தில் ஒரு வார்த்தை. வடகரை சாரின் காது சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போன் ஆப்கள் பெரும்பாலும் ஏ-வெயிட்டிங் என்ற கணக்கில் அளக்கும். அதில் கீழ்ச்சுருதி ஓசைகளுக்கு மதிப்பு குறைவு. ரோட்டிலிருந்து சஸ்பென்ஷன் வழியாகத் தரைத்தகட்டுக்கு ஏறுகிற முழக்கம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே. அதைத்தான் ஷீட் நன்றாக அடக்கும். எனவே ஆப்பில் எண் கொஞ்சம்தான் இறங்கும், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் களைப்பு நிஜமாகவே குறையும்.

நத்தம் ரோட்டு மேம்பாலத்தில் போயிருக்கிறீர்களா? 7.3 கி.மீ. நீளம், 2023-ல் திறந்தது. அதன் இணைப்பு இடுக்குகளில் ஏறும்போது டக், டக் என்று முதுகில் அடிக்கிறதே, அது உலோகத்தின் வழியே வருவது. அங்கே பீடிங் மாற்றி ஒரு பயனும் இல்லை. காற்றின் ஊளை வேறு வகை, ஸ்ஸ் என்று மேலே நிற்கும். அங்கே ஷீட்டால் பயன் இல்லை. இரண்டு நோய்க்கு ஒரே மாத்திரை கொடுத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

பிரித்துப் பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. நான்குவழிச் சாலையில் வேகத்தை மாற்றாமல் போங்கள். புதிதாகத் தார் போட்ட வழுவழு துண்டு வந்ததும் சத்தம் சட்டென்று விழுந்தால் அது டயரும் ரோடும். எந்த ரோட்டிலும் ஒரே மாதிரி இருந்து, எதிர்க்காற்றில் மட்டும் கூடினால் அது காற்று. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் குறைந்தால் எஞ்சின். என் வண்டி எலக்ட்ரிக், அந்த மூன்றாவது இல்லவே இல்லை. அதனால் மற்ற இரண்டும் ஒளிய இடமில்லாமல் முழுசாகக் கேட்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, யாருக்கும் பிடிக்காது. காற்றுச் சத்தத்தின் ஆற்றல் ஏறக்குறைய வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 100-லிருந்து 80-க்கு இறங்கினால் கிட்டத்தட்ட 6 டெசிபல் காலி. ஒரு பைசா செலவில்லை.

வைகை வடகரை:
80-ல் போ என்று சொல்ல இவ்வளவு பேர் எதற்கு மேடம்! 😀

ஆண்டிபட்டிக் கணவாய்:
சிரிக்காதீங்கண்ணே. ரொம்ப அமைதியா இருந்தா எத்தனையில் போறோம்னே தெரியாது. பின்னாடி ஆம்புலன்ஸ் வர்றதும் லேட்டாத்தான் கேட்கும். எனக்குக் கொஞ்சம் சத்தம் இருந்தாத்தான் பிடிக்கும்.

தெப்பக்குளம் ஈவி:
அதற்கு ஸ்பீடோமீட்டரும் மிரரும் இருக்கின்றன அண்ணே. மணிக்கணக்கில் இரைச்சலில் ஓட்டிக் களைத்துப்போன டிரைவர் அதைவிட ஆபத்து.

டயர்ப்பித்தன்:
ஈவி அக்கா, உங்கள் வண்டிக்கு உள்ளே ஃபோம் ஒட்டிய டயர்தானே? அதையும் சொல்லுங்க.

தெப்பக்குளம் ஈவி:
ஆமாம். டயருக்குள் அடைபட்ட காற்று சுமார் 200 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம் போடும், உட்புறம் ஒட்டிய பஞ்சு அதை விழுங்கும். வேலை செய்கிறது. ஆனால் ஆணி ஏறினால் சோதனைதான். உள்ளே பேட்ச் போட அந்த இடத்துப் பஞ்சைச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாப் பஞ்சர் கடையிலும் பொறுமையாகச் செய்வார்கள் என்று சொல்ல முடியாது. சின்ன ஹேட்ச்பேக்குக்கு அது தேவையில்லை, தொடுபரப்பு மென்மையான சாதாரண டூரிங் டயர் போதும். பார்க்க அழகாக இருக்கிறதென்று அகல டயரும் பெரிய அலாயும் போட்டால் சத்தம் கூடத்தான் செய்யும்.

ஒத்தக்கடை ஹேட்ச்பேக்:
தலை சுற்றுகிறது. டயர் நாலும் மாற்றினாலும் கிட்டத்தட்ட அதே 28,000 வருமே?

டயர்ப்பித்தன்:
வரலாம், சைஸைப் பொறுத்தது. ஆனால் அஞ்சு வயசு தாண்டிய டயரை எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். ஷீட் அப்படியா? இன்னொன்றும் யோசியுங்கள். அந்த ஷீட் சதுர மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வரும். முழு வண்டிக்கு ஒட்டினால் 20 கிலோ தாண்டும். ஒரு மூட்டை அரிசியைத் தினமும் சும்மா சுமந்துகொண்டு போக வேண்டுமா? கதவைக் கழற்றும்போது கிளிப் உடைப்பார்கள், அப்புறம் கடகடவென்று புதுச் சத்தம் வரும்.

வைகை வடகரை:
உடைக்காமல் கழற்றத் தெரிந்த ஆளிடம் கொடுக்க வேண்டும். முழு வண்டியும் ஒட்டச் சொல்லிக் கடைக்காரர் கேட்பார், அவர் பிழைப்பு அது. தேவையே இல்லை. விரல் கணுவால் தகட்டைத் தட்டிப் பார்த்து, எங்கே டங்கென்று கேட்கிறதோ அங்கே மட்டும் ஒட்டினால் போதும். தகட்டின் பாதிப் பரப்பைக்கூட மூட வேண்டியதில்லை. ஹேட்ச்பேக்கில் முக்கியம் பின்பக்கம்தான். டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவே சுவர் கிடையாது, பின் வீல் மேலே இருக்கிற தகட்டுச் சத்தம் நேரே பின்சீட்டுக்கு வரும். உங்க அம்மா உட்கார்கிற இடம் அது. இதைப் பித்தன் டயரில் எப்படிச் சரிசெய்வார் என்று பார்ப்போம்.

டயர்ப்பித்தன்:
பின் வீல் ஆர்ச் மட்டும் என்றால் நான் சண்டைக்கு வரவில்லை. 28,000-க்குக் கூரைவரை ஒட்டச் சொன்னதைத்தான் சொன்னேன்.

தெப்பக்குளம் ஈவி:
ஒட்டுகிறவரிடம் இரண்டு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கும், அவற்றை மூடவே கூடாது. மூடினால் ஐப்பசி மழைத் தண்ணீர் உள்ளேயே தேங்கிக் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும். பின் பம்பருக்கு உள்பக்கம் காற்று வெளியேற ரப்பர் மடிப்பு வைத்த சிறு திறப்பு இருக்கும், சத்தம் வருகிறதென்று அதையும் அடைத்துவிடுவார்கள். அடைத்தால் கதவைச் சாத்தவே சிரமப்படும், ஏசி காற்றும் ஒழுங்காகச் சுற்றாது. கர்ட்டன் ஏர்பேக் (பக்கக் கண்ணாடிகளை மறைத்து விரிவது) இருந்தால் தூண் பக்கம் யாரையும் கை வைக்க விடாதீர்கள். சில வண்டிகளில் பக்க மோதலை உணரும் சென்சாரும் கதவுக்குள்ளேயே இருக்கும்.

ஒத்தக்கடை ஹேட்ச்பேக்:
எல்லோருக்கும் நன்றி. டயரைத் தடவிப் பார்த்தேன், பின்பக்கம் இரண்டிலும் இடறுகிறது. வைசரைக் கழற்றிவிட்டு டேப் சோதனை செய்யப் போகிறேன். பிறகு அலைன்மென்ட். தீபாவளிக்குள் டயர். வடகரை அண்ணா சொன்ன மாதிரி பின்பக்கம் மட்டும் ஒட்ட எவ்வளவு ஆகும் என்று கடையில் கேட்டேன். "முழுசா ஒட்டினாத்தான் சார் கேரண்டி" என்கிறார்.

வைகை வடகரை:
எதற்குக் கேரண்டி? சத்தத்துக்கா, ஷீட்டுக்கா? இரண்டு கடை விசாரியுங்க. இல்லையென்றால் ஷீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாங்க, டிக்கியைக் கழற்றுவது பெரிய வேலையில்லை. தகட்டை ஆல்கஹால் போட்டுத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, ரோலரால் அழுத்தி ஒட்டணும். ரோலர் என்னிடம் இருக்கு.

ஒத்தக்கடை ஹேட்ச்பேக்:
வர்றேன் அண்ணா. ஸ்டெப்னிக் குழிக்கும் ஒட்டணுமா?

வைகை வடகரை:
ஒட்டலாம். குழியின் அடியில் தண்ணீர் இறங்க ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைச் சுற்றி வெட்டி விட்டுவிட்டு ஒட்டுவோம். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துக்கொண்டு வாங்க.