ஈசிஎஸ் கணக்கு அமைப்பில் ட்ரங்கிங்கை யாருக்கு இயக்குவது?

வணக்கம். கன்டெய்னர்களை இயக்கும் சேவையான அமேசான் ஈசிஎஸ்ஸில் எங்கள் டாஸ்க்குகள் (ஒன்றாக இயங்கும் கன்டெய்னர் தொகுப்புகள்) ஒவ்வொன்றும் தனி நெட்வொர்க் இன்டர்ஃபேஸுடன் இயங்குகின்றன. சி5.லார்ஜ் இன்ஸ்டன்ஸுக்கு (டாஸ்க்குகள் இயங்கும் மெய்நிகர் சர்வர்) 3 இன்டர்ஃபேஸ்களே உண்டு என்பதாலும், அவற்றில் ஒன்று இன்ஸ்டன்ஸுக்கே போய்விடுவதாலும், மெமரி தாராளமாக மீதமிருந்தும் மூன்றாவது டாஸ்க்குக்கு இடம் கிடைப்பதில்லை.

கணக்கு அமைப்புகளில் ட்ரங்கிங்கை (ஒரே இன்டர்ஃபேஸின் வழியே பல டாஸ்க்குகளின் இன்டர்ஃபேஸ்களை இணைக்கும் வசதியை) இயக்கினால் இந்த வரம்பு 10 டாஸ்க்குகளாக உயரும். அது ரீஜனுக்கு ரீஜன் தனியானது என்பதும், இயக்கிய பின் தொடங்கும் இன்ஸ்டன்ஸ்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதும் தெரியும். முழுக் கணக்குக்கும் இயல்புநிலையாக வைப்பதா, இன்ஸ்டன்ஸ்களின் ஐஏஎம் ரோலுக்கு (அனுமதிகளைத் தரும் அடையாளத்துக்கு) மட்டும் வைப்பதா என்பதில்தான் உங்கள் ஆலோசனையை நாடுகிறேன். வேறு குழுக்களும் இதே கணக்கைப் பயன்படுத்துவதால், ரோலுக்கு மட்டும் வைப்பதே முறை என்று கருதுகிறேன்.

சேவை தடைபடாமல் பழைய இன்ஸ்டன்ஸ்களை எவ்வாறு படிப்படியாக மாற்றினீர்கள் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.