செத்தது மைஎஸ்க்யூஎல், மெமரியைத் தின்றது வேறு ஆள்

தெரிந்தவர் ஒருவரின் கடை வெப்சைட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 1 ஜிபி ராம் உள்ள சின்ன சர்வர், உபுண்டு லினக்ஸ், டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல், சைட்டின் பக்கங்களை உருவாக்கும் பிஹெச்பி எல்லாம் அதிலேயே, ராம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் ஸ்வாப் கிடையாது (காசு மிச்சம் என்று அந்த சர்வரை வாங்கச் சொன்னதே நான்தான்). வாரத்துக்கு இரண்டு தடவை, பெரும்பாலும் சாயங்காலம், சைட்டில் டேட்டாபேஸ் எரர் வரும், கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். மைஎஸ்க்யூஎல் லாகில் பிழை என்று ஒரு வரிகூட இல்லை. வழக்கமான ஏதோ ஒரு வரி, அதற்கு அடுத்து திடீரென்று கிராஷ் ரெக்கவரி, அதாவது பாதியில் செத்து மறுபடி எழுந்து டேட்டாவைச் சரிசெய்வது. ஒரு வாரம் மைஎஸ்க்யூஎல்லையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் லாகைப் பார்த்தால் 'அவுட் ஆஃப் மெமரி: கில்டு புராசஸ்' என்று பளிச்சென்று இருக்கிறது. மெமரி தீர்ந்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு புரோகிராமை, அதாவது புராசஸை, கெர்னல் கொல்லும்; அந்தப் பகுதிக்குப் பெயர் ஓஓஎம் கில்லர் (ஓஓஎம் என்றால் அவுட் ஆஃப் மெமரி). அது அனுப்புவது சிக்னல் 9, உடனே சாகச் சொல்லும் கட்டளை. அதை எந்த புராசஸாலும் தடுக்க முடியாது, சாகும் முன் லாகில் எழுதவும் நேரம் கிடையாது.

லினக்ஸ் மெமரி கேட்டவர்களுக்கெல்லாம் பெரும்பாலும் சரி என்று தலையாட்டிவிடும். அந்த இடத்தை நிஜமாகத் தொடும்போதுதான் ராமிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துக் கொடுக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் தொட்டால் கையிருப்பு தீர்ந்துவிடும், அப்போது யார் அதிகம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களைப் போட்டுத்தள்ளும். யார் காரணம் என்று விசாரணை எல்லாம் இல்லை. இங்கே நிஜக் காரணம் பிஹெச்பி: சாயங்காலம் கடையில் படங்கள் ஏற்றும்போது ஒவ்வொன்றும் 40, 50 எம்பி தின்னும் குட்டி புராசஸ்கள், 30 வரை போகலாம் என்று நான் விட்டிருந்தேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்னது. மைஎஸ்க்யூஎல் தனியாளாக 400 எம்பி, மாட்டிக்கொண்டது.

நான் புத்திசாலித்தனமாக மைஎஸ்க்யூஎல்லின் ஓஓஎம் ஸ்கோரை மாற்றும் அளவை மைனஸ் 900 ஆக்கினேன் (ஸ்கோர் குறைந்தால் கொல்லப்படும் வாய்ப்பும் குறையும்). அடுத்த தடவை சைட் முழுக்க 502 எரர், அதாவது பின்னால் பிஹெச்பி பதில் சொல்லவில்லை. ஒரே ஒரு பிஹெச்பி குட்டிதான் செத்தது, ஆனால் ஒரு சர்வீஸுக்குள் ஏதாவது ஒன்று ஓஓஎம்மில் போனால் சர்வீஸையே நிறுத்துவதுதான் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் டீஃபால்ட் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடைசியில் குட்டிகளை 8 ஆகக் குறைத்து, 1 ஜிபி ஸ்வாப் ஃபைல் போட்டேன். அதற்கப்புறம் சத்தமே இல்லை.

*

உங்களுக்காவது ஓஓஎம் கில்லர் ஏதோ ஒன்றைக் கொன்றது. என் 4 ஜிபி உபுண்டு லேப்டாப்பில் அதுவும் நடக்காது! பிரவுசரும் கோட் எழுதும் ஐடிஇயும் சேர்ந்து ஓடினால் மவுஸ் உறைந்துவிடும், டிஸ்க் லைட் விடாமல் எரியும், டீ குடித்துவிட்டு வந்தாலும் அப்படியேதான். ஸ்வாப்பை எடுத்துப் பார்த்தும் பலனில்லை, ஓடும் புரோகிராம்களின் கோட் பகுதியையே ராமிலிருந்து தூக்கி எறிந்துவிட்டு மறுபடி டிஸ்க்கிலிருந்து படிக்கிறது, இன்னும் ஏதோ கிடைக்கிறது என்று கெர்னல் நம்பிக்கொண்டே இருக்கிறது. ஆல்ட்-சிஸ்ரிக்யூ-எஃப் அழுத்தினால் ஓஓஎம் கில்லரை நாமே கூப்பிடலாம் என்றார்கள், உபுண்டுவில் அது டீஃபால்ட்டாக அணைக்கப்பட்டிருக்கிறது. இப்போது எர்லிஓஓஎம் என்ற புரோகிராமைப் போட்டிருக்கிறேன். ராம், ஸ்வாப் இரண்டிலுமே காலியிடம் 10 சதவீதத்துக்குக் கீழே போனதும் ஒரு புராசஸை முடித்துவிடும். பெரும்பாலும் குரோமின் ஒரு டேப் போகும், ஏனென்றால் குரோமே தன் டேப்களின் ஓஓஎம் ஸ்கோரை ஏற்றித்தான் வைக்கிறது.

*

விண்டோஸில் கதை வேறு. ராமும் பேஜ்ஃபைலும் (விண்டோஸின் ஸ்வாப்) சேர்ந்த அளவுக்கு மேல் அது வாக்கே கொடுக்காது, கேட்கும்போதே இல்லை என்று சொல்லிவிடும். எஸ்எஸ்டி தேயும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் பேஜ்ஃபைலை அணைத்துவைத்தேன். டாஸ்க் மேனேஜரில் 2 ஜிபி காலி என்று காட்டும்போதே ஃபோட்டோ எடிட்டர் மெமரி இல்லை என்று மூடிக்கொண்டது. ராம் காலிதான், ஆனால் அது ஏற்கெனவே வேறு யாருக்கோ வாக்குக் கொடுத்த இடம். பேஜ்ஃபைலைத் திரும்பப் போட்டேன், சரியாகிவிட்டது. சேமிக்காத கல்யாண ஆல்பம் மட்டும் போனது போனதுதான்.