கிளி வளர்த்தவர்களே, மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

பச்சைச்சிறகு

ரொம்ப நாளாக யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பட்ஜி, அந்தச் சின்னக் கிளி வகை, நான்கே நாள்தான் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தது நான்.

பெரிய கூண்டு. உள்ளே முப்பது, நாற்பது குஞ்சுகள். கையை நீட்டியதும் எல்லாம் சடசடவென்று பறந்து எதிர்ப்பக்கக் கம்பியில் ஒட்டிக்கொண்டன. ஒன்று மட்டும் நகரவில்லை. வெளிர்நீலம். பஞ்சு உருண்டை மாதிரி உடம்பை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. விரலை நீட்டினேன், ஏறிக்கொண்டது. "இது நல்லாப் பழகின குஞ்சு" என்றார் விற்றவர். இத்தனை குஞ்சுகளில் இது மட்டும் என்னிடம் வந்ததே என்று எனக்கு அவ்வளவு பெருமை.

வீட்டில் எப்போது பார்த்தாலும் தினைக் கிண்ணத்தில்தான் தலை. சாப்பிடுகிறதே என்று நிம்மதியாக இருந்தேன். நான்காம் நாள் கிண்ணத்தைக் கழுவ எடுத்தபோது தினை போட்டபடியே கிடந்தது. உமி கொஞ்சம்கூட இல்லை. கொத்துகிற மாதிரி காட்டியிருக்கிறதே தவிர, ஒரு மணிகூட உள்ளே போகவில்லை. கையில் எடுத்தேன். இறகுக்குள் விரல் போனதும் நெஞ்செலும்பு கத்தி விளிம்பு மாதிரி தட்டுப்பட்டது. இரண்டு பக்கமும் சதையே இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. அன்றிரவே போய்விட்டது.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். கூட்டத்தில் நோஞ்சானாகத் தெரிந்தால் வேட்டைப் பறவை அதைத்தான் குறிவைக்கும் என்பதால், பறவைகள் நோயைக் கடைசி வரை மறைக்குமாம். என் கையைப் பார்த்துப் பறந்து ஓடிய குஞ்சுகள்தான் நல்ல உடம்போடு இருந்தவை. இதற்குப் பறக்கத் தெம்பு இல்லை, அதனால் விரலில் ஏறியது. அந்த எலும்பு விரலில் பட்டது இன்றைக்கும் நினைவு வருகிறது.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

செவ்வால்

பெரியப்பா காலமான பிறகு பெரியம்மாவும் அவர்களுடைய ஆப்பிரிக்கன் கிரேயும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கிளியின் பெயர் மணி, வயது 27. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த வகை 40, 50 வருஷம்கூட இருக்கும். பெரியப்பா வாங்கும்போதே அவருக்கு 48. அந்தக் கணக்கை அப்போது யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

வந்த முதல் இரண்டு வாரம் மணி வாயே திறக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து நெஞ்சு இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டது. தினமும் காலையில் தட்டில் ஒரு பிடி சாம்பல் இறகு கிடக்கும்.

பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, இன்னும் விடியவில்லை. பெரியப்பாவின் பழைய போன் அடித்தது. அந்த போன் இப்போது இல்லை. அடித்து முடிந்ததும் அவருடைய குரலிலேயே, "ம், சொல்லுங்க." பிறகு இரண்டு இருமல், தொண்டையைச் செருமுகிற சத்தம். கடைசியாக, "தண்ணி கொண்டா."

நான் எழுந்து வருவதற்குள் பெரியம்மா டம்ளரில் தண்ணீரோடு கூண்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தூக்கக் கலக்கத்தில் நேராக அடுக்களைக்குப் போய் மொண்டு வந்திருக்கிறார். விளக்கு போடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கூண்டுக் கதவைத் திறந்து, அந்தத் தண்ணீரை மணியின் கிண்ணத்தில் ஊற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் கூண்டைப் பின்னறைக்கு மாற்றலாமா என்று கேட்டேன். "அது அங்கேயே இருக்கட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்குப் புரிஞ்சுதான் பேசுதா?" என்று கேட்டார். வெறும் ஒலிதான் பெரியம்மா என்று சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்குமோ என்னவோ, எனக்குச் சொல்ல வரவில்லை. அமெரிக்க விஞ்ஞானி ஐரீன் பெப்பர்பெர்க் முப்பது வருஷம் ஆராய்ந்த அலெக்ஸ் இதே வகைக் கிளிதான். நிறம், வடிவம், பொருள் எல்லாவற்றையும் கேட்டால் சரியாகச் சொல்லும், ஆறு வரை எண்ணும். 2007-ல், 31 வயதில் இறந்துபோனது. அதைப் படித்திருந்தவன் எப்படி வெறும் ஒலி என்று சொல்வேன்?

மருத்துவரிடம் காட்டினோம். ரத்தம், எச்சம் இரண்டையும் பரிசோதித்து, உடம்பில் கோளாறு இல்லை என்றார். கடித்துக் குதற மெல்லிய மரத்துண்டுகள், வாரத்தில் சில நாள் தண்ணீர்த் தெளிப்பு, இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் என்று சொன்னார். பிடுங்குவது முக்கால்வாசி நின்றுவிட்டது. நெஞ்சில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் இறகு முளைக்கவில்லை, வெறும் தூவிதான். "தண்ணி கொண்டா" இப்போதும் வருகிறது. பெரியம்மாவும் இப்போதும் எழுந்து போகிறார். இது அவருக்கு ஆறுதலா, ஆறுகிற புண்ணைக் கீறுவதா? அவரிடம் கேட்கத் தைரியம் இல்லை.

இரவுப்பணி

செவ்வால், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. பெரியம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பச்சைச்சிறகு, கோபித்துக்கொள்ள வேண்டாம். நான்கு நாள் எச்சத்தைப் பார்க்கவே இல்லையா? கிளி சாப்பிடவில்லை என்றால் தட்டிலேயே தெரிந்துவிடும்.

என் கதை சின்னது. இரண்டு காக்கடீல்கள், கொண்டை வைத்த சின்னக் கிளிகள். வெறும் நான்ஸ்டிக் வாணலியை அடுப்பில் வைத்துவிட்டு போன் பேசப் போய்விட்டேன். பத்து நிமிஷம் இருக்கும். புகைகூடக் கண்ணில் படவில்லை, எனக்கு ஒரு இருமல்கூட வரவில்லை. இரண்டும் கூண்டுத் தரையில் கிடந்தன. ஒன்றின் அலகு திறந்தே இருந்தது.

அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வெளிவருகிற வாயு பறவைக்கு விஷம். அதன் நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்திருப்பதால், நம்மைவிட வேகமாகக் காற்றில் உள்ளதை எடுத்துக்கொள்ளும். நல்ல காற்றுக்கும் அப்படித்தான், விஷத்துக்கும் அப்படித்தான். சமையலறையிலும் அதை ஒட்டிய இடத்திலும் கூண்டு வைக்காதீர்கள். அந்தப் பூச்சு வாணலியில் மட்டும் இல்லை, சில இஸ்திரிப் பெட்டியிலும் ஹீட்டரிலும் உண்டு. வாசனை மெழுகுவர்த்தி, ஸ்பிரே எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

சரி, ஆரம்பித்தாகிவிட்டது, மற்றதையும் சொல்லிவிடுகிறேன். கிராம் காட்டுகிற சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். தினமும் காலையில், சாப்பிடுவதற்கு முன்னால் நிறுத்து எழுதி வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கூண்டுத் தட்டில் வெள்ளைக் காகிதம் விரித்தால் எச்சத்தின் நிறம் தெரியும், எத்தனை என்று எண்ணவும் முடியும். புதுக் கிளி வந்தால் ஏற்கெனவே இருப்பதோடு சேர்க்காமல் குறைந்தது ஒரு மாதம் வேறு அறையில் வையுங்கள். விதை மட்டுமே போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ குறையும், ஈரலில் கொழுப்பு படியும். கீரை, கேரட் எல்லாம் முதலில் தொடாது. வாரக்கணக்கில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், திடீரென்று விதையை நிறுத்திவிடக் கூடாது. அவகாடோ, சாக்லேட், காபி மூன்றும் நஞ்சு, ஒரு துளி என்றுகூடக் கொடுக்காதீர்கள். துத்தநாகப் பூச்சுள்ள மலிவான கம்பியும் சங்கிலியும் கடித்தாலே விஷம். வெளியே விடும்போது ஃபேனை நிறுத்துங்கள். குஞ்சு வாங்குவதாக இருந்தால் தானாகச் சாப்பிடப் பழகியதை மட்டும் வாங்குங்கள். கையால் ஊட்டினால்தான் பாசம் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூழின் சூடு கொஞ்சம் கூடினாலும் தொண்டைப்பை வெந்துவிடும், ஊட்டுவது தப்பினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

மாடிவாசி

இரவுப்பணி, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் முதன்முதலாகக் கிளி வாங்கினவரைப் பார்த்து "எச்சத்தைப் பார்க்கவில்லையா" என்று கேட்டது சரியில்லை. உங்கள் வாணலி உங்களுக்குத் தெரியாமல்தானே நடந்தது? அதே மாதிரிதான் அவருக்கும்.

என்னுடையது ஒரு காக்கடீல். சிறகு வெட்டியிருந்தோம். பறக்காது என்று நம்பித் தோளில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவேன், மாதக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. வெட்டின இறகு உதிர்ந்து புதுசு முளைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அன்றைக்கு ஒரு காற்று, பக்கத்தில் ஏதோ டமார் என்று விழுந்தது. தோளில் கனம் இல்லை.

நான்கு வீடு தள்ளி ஒரு மரத்தின் உச்சிக் கிளையில் மஞ்சள் கொண்டை தெரிந்தது. தினமும் காலையில் நானும் அதுவும் மாற்றி மாற்றி அடிக்கிற விசில் ஒன்று உண்டு. அடித்தேன். மேலிருந்து பதில் வந்தது. இருட்டும் வரை கீழே நின்று அடித்துக்கொண்டே இருந்தேன், அதுவும் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னது. தத்தித் தத்திக் கிளையின் நுனிக்கு வரும், எட்டிக் கீழே பார்க்கும், உடம்பைத் தாழ்த்தும், திரும்பிப் போய்விடும். அவ்வளவு உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்க அதற்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் பறந்து பழகிய கிளிக்கே அது வராது, வெட்டிய கிளிக்கு எப்படி வரும்?

விடிவதற்கு முன்னால் போய் நின்றேன். விசில் அடித்தேன். பதில் இல்லை.

காலைநடை

இதனால்தான் சிறகை வெட்டாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். வெட்டுவது பாதுகாப்பு இல்லை, பாதுகாப்பு என்ற நினைப்பு மட்டும்தான் கொடுக்கும். குஞ்சிலிருந்தே பறக்கவும் திரும்பவும் இறங்கவும் பழக்கியிருந்தால் உங்கள் கிளி கீழே வந்திருக்கும். என்னிடம் இருப்பது ஒன்பது வருஷமாக வெட்டாத கிளி. வெளியே போனால் கூண்டு அல்லது உடம்போடு கட்டுகிற பட்டை, இரண்டில் ஒன்று இல்லாமல் வாசலைத் தாண்டாது.

மாடிவாசி

வெட்டியதை நான் எங்கேயும் நியாயப்படுத்தவில்லை. "வந்திருக்கும்" என்று நீங்கள் எழுதியதை ஆறு வருஷமாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காலைநடை

மன்னியுங்கள். அந்த வரியை அப்படி எழுதியிருக்கக் கூடாது.

கொண்டைப்பிரியை

இரண்டு வருஷமாக எனக்கு வறட்டு இருமல். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். எத்தனையோ மருந்து மாற்றியாயிற்று. மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர்தான் "வீட்டில் பறவை இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது, வெள்ளைக் காக்கட்டூ கிளி. அதன் இறகிலிருந்து மாவு மாதிரி தூசி உதிர்ந்துகொண்டே இருக்கும், காக்கடீலுக்கும் கிரேக்கும்கூட அப்படித்தான். கறுப்புத் துணி உடுத்திக்கொண்டு அதைக் கொஞ்சினால் தோளெல்லாம் வெள்ளையாகிவிடும். அந்தத் தூசிதான் நுரையீரலில் அழற்சியாகியிருந்தது.

பறவைகளை நன்றாக அறிந்த ஒரு குடும்பத்திடம் கொடுத்தோம். வண்டியில் கூண்டை ஏற்றியபோது கொண்டையை முழுசாக விரித்து என்னைப் பார்த்தது. நான் வெளியே கிளம்பும்போதெல்லாம் அதற்குச் சொல்வது "போயிட்டு வரேன்." கதவு மூடுகிற நேரத்தில் அது அதைச் சொன்னது.

வாங்குவதற்கு முன்னால் அந்த வகைக் கிளி இருக்கிற வீட்டுக்கு நாலைந்து தடவை போய் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தூசி ஒத்துக்கொள்ளுமா, சத்தத்தைத் தாங்க முடியுமா என்று ஓரளவு பிடிபடும்.

எங்கவீட்டுராஜா

எங்கள் சன் கனூர் கிளிக்கு ராஜா என்று பெயர் வைத்தோம். இந்த வகையில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரிதான், இறகையோ ரத்தத்தையோ டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பினால்தான் உறுதியாகத் தெரியும். நாங்கள் அனுப்பவில்லை. மூன்றாம் வருஷம் ஒருநாள் கூண்டு மூலையில் கால் அகட்டி உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தது, கண் சொருகுகிறது. மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும், "முட்டை சிக்கியிருக்கு" என்றார். சூடு கொடுத்து, கால்சியம் ஊசி போட்டு, நான்கு மணி நேரம் காத்திருந்தோம். முட்டை வந்தபோது நர்ஸ் என் உள்ளங்கையில் வைத்தார். சூடாக இருந்தது.

காரணம் கேட்டபோதுதான் எனக்கு வருத்தம் தாங்கவில்லை. தினமும் மடியில் போட்டு முதுகையும் வாலடியையும் தடவிக் கொடுப்பேன். கிளிக்கு அது இணை தொடுவது மாதிரி. சோபாவுக்கு அடியில் போர்வைக்குள் புகுந்து விளையாடும், அந்த இருட்டு அதற்குக் கூடு. நான் பாசம் என்று செய்ததெல்லாம் அதன் உடம்பை முட்டையிடச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது தலையும் கழுத்தும் மட்டும்தான் தொடுகிறேன். அவளும் நன்றாக இருக்கிறாள். பெயரை மாற்றவில்லை, அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறாள்.

பச்சைச்சிறகு

எல்லாருடையதையும் இரண்டு தடவை படித்தேன். இரவுப்பணி அண்ணா, நீங்கள் கேட்டதில் தப்பில்லை. எச்சத்தைப் பார்க்க வேண்டும் என்றே எனக்கு அப்போது தெரியாது.

போன மாதம் இன்னொரு பட்ஜி வாங்கினேன். இந்தத் தடவை ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, கையை நீட்டியதும் முதலில் பறந்து ஓடியதைக் கேட்டு வாங்கினேன். இன்னும் என் கைக்கு வரவில்லை. தராசு மேல் ஒரு குச்சியை வைத்துத் தினைக்கதிரைக் காட்டினால் மட்டும் தானாக வந்து ஏறுகிறது. நேற்று 34 கிராம், இன்று 33. பயப்பட வேண்டுமா?

இரவுப்பணி

வேண்டாம். ஒரு கிராம் ஏறி இறங்கும். எழுந்ததும் முதல் எச்சம் போட்ட பிறகு நிறுங்கள், தினமும் அதே நேரத்தில். நாளைக்கு எவ்வளவு என்று இங்கே எழுதுங்கள், நான் பார்க்கிறேன்.