கேஸ் ஷீட்டில் சிவப்பு ஸ்டிக்கர்: எச்ஐவி உள்ளவருக்குத் தனி அடையாளம் தேவையா?

வார்டு_குறிப்பு (கேள்வி):
அறுவை சிகிச்சை வார்டின் நடைமுறைக் குறிப்பைத் திருத்தும் வேலை. பழைய குறிப்பில் எச்ஐவி உள்ளவர்களுக்கென்று மூன்று விதிகள்: கேஸ் ஷீட் மேலட்டையில் சிவப்பு ஸ்டிக்கர், வார்டின் கடைசிக் கட்டில், ஆபரேஷன் பட்டியலில் கடைசி இடம். காரணம் "ஊழியர் பாதுகாப்பு". எடுத்துவிடலாம் என்றால், "ஊசி குத்திக்கிட்டா யார் பொறுப்பு?" என்று மூத்த நர்ஸ்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஸ்டிக்கருக்குப் பதிலாகக் குறிப்பில் என்ன எழுதுவது? "பாகுபாடு கூடாது" என்று ஒரு வரி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். வேலைக்கு ஆகிற மாதிரி சொல்லுங்கள்.

கையுறை:
அந்த ஸ்டிக்கர் யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். பரிசோதனை முடிந்து, பெரும்பாலும் ஏஆர்டி (எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் மருந்து) மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் மேல். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுபவரின் ரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவு. தொற்றிய முதல் சில வாரங்களில்தான் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, உச்சத்தில் இருக்கும். அப்போது ஆன்டிபாடி டெஸ்ட் நெகட்டிவ் என்றே வரலாம். அந்த ஆள் ஸ்டிக்கர் இல்லாத கட்டிலில் இருப்பார். "இவர் நார்மல்தானே" என்று கிளவுஸ் இல்லாமல் ஊசி எடுப்பார்கள். பாதுகாப்புக்கென்று ஒட்டியது பாதுகாப்பையே கெடுக்கும் இடம் இதுதான்.

இன்னொரு கணக்கு. எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் அது பரவும் வாய்ப்பு 1,000 குத்துக்குச் சுமார் 3. ஹெபடைட்டிஸ் பி உள்ளவரின் ரத்தம் என்றால், தடுப்பூசி போடாதவருக்கு அது பரவும் வாய்ப்பு 100க்கு 6 முதல் 30 வரை. காய்ந்த ரத்தத்திலும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் 7 நாளாவது தாங்கும். அதற்கு உங்கள் பழைய குறிப்பு கடைசிக் கட்டில் ஒதுக்கவில்லையே.

குறிப்பில் "எல்லா நோயாளிகளுக்கும்" என்று தலைப்பிட்டு எழுத வேண்டியவை:
- பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள். மூடப்போகும்போதுதான் மறு கையில் குத்துகிறது.
- ஷார்ப்ஸ் பெட்டி (பயன்படுத்திய ஊசி, பிளேடு போடும் பெட்டி) கை எட்டும் தூரத்தில், ஊசி போடும் இடத்திலேயே இருக்க வேண்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிடுங்கள். நிரம்பி வழியும் பெட்டியில் ஊசியைத் திணிக்கும்போது குத்தும்.
- ரத்தம், உடல் திரவம் படும் வேலைக்கு கிளவுஸ். நோயாளிக்கு நோயாளி மாற்ற வேண்டும். தெறிக்கும் வாய்ப்பிருந்தால் கண் கவசம்.
- பிபி பார்க்க, ஜுரம் பார்க்க, கைத்தாங்கலாக நடத்திப் போக கிளவுஸ் வேண்டாம். ஒருவருக்கு மட்டும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு பிபி பார்த்தால் பக்கத்துக் கட்டிலுக்கு விஷயம் புரிந்துவிடும்.
- கொட்டிய ரத்தத்தை முதலில் பேப்பரில் உறிஞ்சி எடுத்துவிட்டு 0.5% குளோரின் கரைசல். ரத்தத்தின் மேலேயே ஊற்றினால் குளோரின் வீரியம் குறைந்துவிடும்.

கடைசி இட விதிக்கு அர்த்தமே இல்லை. ஒவ்வொரு கேஸுக்குப் பிறகும் தியேட்டரை ஒரே மாதிரிதான் சுத்தம் செய்ய வேண்டும். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் யாருடைய கருவிக்கும் தனி வெப்பநிலை கிடையாது. அந்த விதியால் நடப்பதெல்லாம், அவர் நாள் முழுக்க வெறும் வயிற்றில் காத்திருந்து, நேரமில்லை என்று தள்ளிப்போவதுதான்.

மாத்திரை_நேரம்:
"குத்திக்கிட்டா?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் ஸ்டிக்கரை எடுத்தால், ஒரு மாதத்தில் வேறு நிறத்தில் திரும்ப வரும். பதிலைச் சுவரில் ஒட்டுங்கள்: காயத்தை சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவு, பிதுக்காதே, பிளீச், ஸ்பிரிட் ஊற்றாதே, கண்ணில் பட்டால் தண்ணீரால் அலசு, உடனே பொறுப்பு மருத்துவரிடம் சொல். எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மருந்தைச் சில மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். முதல் டோஸ் எந்த அலமாரியில், இரவில் சாவி யாரிடம் என்பதையும் எழுதுங்கள். பயம் குறைவது அந்த வரியில்தான்.

பகல்_ஷிஃப்ட்:
வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் இருந்தால் பரவாதே? ஒருவருக்கு மட்டும் எச்ஐவி உள்ள இணையர்களைப் பற்றிய பார்ட்னர் ஆய்வில் ஒரு பரவல்கூட இல்லை என்றார்களே. பிறகு எதற்குத் தடுப்பு மருந்து?

மாத்திரை_நேரம்:
அது உடலுறவு பற்றிய ஆய்வு. 2019இல் வெளியான இரண்டாம் கட்டத்தில் ஆண் இணையரிடையே ஆணுறையில்லாமல் சுமார் 76,000 முறை உறவு. இணையரிடமிருந்து ஒரு தொற்றும் இல்லை. தம்பதிக்குத் தைரியமாகச் சொல்லலாம். ஊசிக் குத்துக்கு அதை அப்படியே கொண்டுவராதீர்கள். ஆபத்து மிகக் குறைவுதான், ஆனாலும் மருந்து வேண்டுமா என்று மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

வார்டு_குறிப்பு:
நன்றி. ஸ்டிக்கர் இல்லையென்றால் மயக்க மருந்து கொடுப்பவருக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வந்துவிட்டது.

மாத்திரை_நேரம்:
அவருக்குத் தெரிந்தாக வேண்டும், ஆனால் மருந்துக்காக. ஏஆர்டியில் ரிடோனவிர் சாப்பிடுபவருக்கு மிடாசோலம் என்ற மயக்க ஊசி கொடுத்தால் மயக்கம் நீண்டுவிடும். அவருக்கே பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் மெத்தில்எர்கோமெட்ரினும் ஆபத்து. இன்னொரு ஏஆர்டி மருந்தான டோலுடெக்ராவிரை அலுமினியம், மெக்னீசியம் உள்ள ஆன்டாசிடுக்கு (அசிடிட்டி மருந்து) 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் இடம் கேஸ் ஷீட்டின் உள்ளே, மருந்துப் பட்டியலில், பிபி மாத்திரைக்கு அடுத்த வரி. மேலட்டை, கட்டில் தலைமாடு, வார்டு போர்டு மூன்றும் வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிப்பது.

ஒதுக்குகிற வார்டில் நோயாளி மாத்திரையை வேறு டப்பாவில் மாற்றி, தலையணைக்கடியில் வைத்துச் சாப்பிடுவார், அல்லது சாப்பிடாமலே விடுவார். அதனால் குறிப்பில் இதையும் சேருங்கள்: வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லும் நாளிலும் ஏஆர்டியை நிறுத்த வேண்டாம், மயக்க மருத்துவரைக் கேட்டு ஒரு வாய் தண்ணீருடன் கொடுக்கலாம்.

கையுறை:
விடுப்புச் சான்றிதழை மறந்துவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இருப்பதை அப்படியே காப்பி செய்து கொடுத்துவிடுவார்கள், அது நேராக வேலை செய்யும் இடத்துக்குப் போகும். "ஹெர்னியா அறுவை சிகிச்சை, இத்தனை நாள் ஓய்வு" என்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள்.