பாங்காக் ஆற்றில் ஒரு நாள்: எந்தப் படகில் ஏறலாம்?

வணக்கம். அடுத்த மாதம் நானும் கணவரும் பாங்காக் போகிறோம். ஒரு நாள் முழுக்கச் சாவோ பிரயா ஆற்றில் படகேறிச் சுற்றிப் பார்க்க ஆசை. சபான் தக்சின் ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே சாத்தோன் படகுத்துறை, அதுவரை சரி. அப்புறம்தான் குழப்பம்.

சுற்றுலாப் படகுக்கு ஒரு நாள் சீட்டு எடுப்பதா, ஊர்க்காரர்கள் ஏறும் ஆரஞ்சுக் கொடிப் படகே போதுமா? அவருக்கு முழங்கால் வலி, நின்றுகொண்டே வர முடியாது. காலை நேரத்தில் உட்கார இடம் கிடைக்குமா?

முதலில் அரண்மனை, பிறகு வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளச் சயன புத்தர், கடைசியாக அக்கரையில் வாட் அருண். (விடியலுக்குரிய அருணன் பெயர் கொண்ட கோயிலுக்குச் சாயங்காலம் போகிறாயே என்று அவர் கிண்டல்.) கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் மறைவதைப் பார்க்க இக்கரைக்கே திரும்ப வேண்டுமாமே, எந்த இடத்தில் நின்றால் நன்றாகத் தெரியும்?

அக்கரையிலுள்ள தோன்புரி பகுதிக் கால்வாய்களில் ஓடும் நீள்வால் படகில் (பின்னால் நீண்ட தண்டோடு மோட்டார் பொருத்திய ஒல்லியான படகு) போனவர்கள் இருந்தால், பேரம் எப்படிப் பேசினீர்கள், முழங்காலுக்கு ஏறி இறங்கச் சிரமமா என்றும் சொல்லுங்கள்.