போலி உரிமத்துக்குக் கொடுத்த பணத்தை மீட்ட அனுபவங்கள்

நான் ஏமாந்துவிட்டேன் என்பதே ஐந்து மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. இணையச் சந்தை ஒன்றில் முன்பின் அறியாத ஒரு விற்பனையாளரிடம் விண்டோஸ் உரிமத்துக்கான 25 எழுத்துக் குறியீட்டை வாங்கியிருந்தேன். 'தனிநபர் உரிமம், வாழ்நாள் முழுவதும் செல்லும்' என்று விளம்பரத்தில் எழுதியிருந்தது. விலை பாதிக்கும் கீழே இருந்ததைப் பார்த்துச் சந்தேகப்படாமல், சலுகை என்று மகிழ்ந்தது என் தவறு. குறியீடு ஏற்கப்படவில்லை என்று எழுதியதும், தொலைவிலிருந்தே சரிசெய்து தருகிறோம், ஆன்டிவைரஸை மட்டும் நிறுத்திவையுங்கள் என்றார்கள். என் திரையில் யாரோ ஒருவருடைய சுட்டி அங்குமிங்கும் நகர்வதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. நானும் நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன்.

ஐந்தாம் மாதக் கடைசியில், உங்கள் விண்டோஸ் உரிமம் விரைவில் காலாவதியாகும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. வாழ்நாள் உரிமத்துக்கு ஏது காலாவதி? கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளைச் சாளரத்தில் 'எஸ்எல்எம்ஜிஆர்' (slmgr) கட்டளையைக் கொடுத்து உரிம விவரத்தைப் பார்த்தபோது, 'வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்' என்றொரு வரியும், அதன் கீழே நிமிடக் கணக்கில் எஞ்சியிருக்கும் காலமும் இருந்தன. பல கணினிகளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கான உரிம வகை அது. நிறுவனத்தின் சொந்த சர்வரோடு கணினி தொடர்பு கொள்ளும்போதெல்லாம் 180 நாள், அதாவது 2,59,200 நிமிடம், உரிமம் நீட்டிக்கப்படும். தொடர்பு அறுந்தால் அந்தக் கெடு கரைந்து முடிந்துவிடும். எனக்கு எந்த நிறுவனமும் இல்லை, எந்த சர்வரும் இல்லை.

இந்த 180 நாள் கணக்குதான் வாங்குபவரை முடக்கிவிடுகிறது. கிரெடிட் கார்டில் செலுத்திய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பதற்குப் பொதுவாக 120 நாள் கெடு என்பதால், காலாவதி அறிவிப்பு வரும் நேரத்தில் அது பெரும்பாலும் கடந்திருக்கும். நான் பேபால் என்ற இணையப் பணப்பரிமாற்றச் சேவை வழியாகச் செலுத்தியிருந்தேன். அங்கே முறையீடு தொடங்க 180 நாள் வரை இடமுண்டு. என் கையில் நான்கு வாரம்கூட மிச்சமில்லை.

முதலில் நான் எழுதிய புகார், 'வேலை செய்யவில்லை' என்பதுதான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு விற்பனையாளர் புதுக் குறியீடு ஒன்றை அனுப்பினார். அதுவும் ஏற்கப்படாமல் போகவே இன்னொன்றை அனுப்பினார். ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நாள் கழிந்தது. பிறகு முறையீட்டை முழுவதுமாக மாற்றி எழுதினேன்: 'எனக்கு மாற்றுக் குறியீடு வேண்டாம். தனிநபர் உரிமம் என்று விளம்பரம் செய்துவிட்டு, எனக்கு விற்க உங்களுக்கு உரிமை இல்லாத நிறுவன உரிமத்தைக் கொடுத்திருக்கிறீர்கள்.' விளம்பரத்தின் திரைப்பிடிப்பையும் கட்டளைச் சாளரத்தின் திரைப்பிடிப்பையும் அருகருகே வைத்து இணைத்தேன். மறுநாளே அவருடைய குரல் மாறியது. முறையீட்டை நீங்கள் மூடிவிட்டால் உடனே பணம் அனுப்புகிறேன் என்றார். மூடிய முறையீட்டை மறுபடி திறக்க முடியாது என்பதை நல்லவேளையாக விதிகளில் படித்திருந்தேன். பணம் வந்த பிறகு மூடுகிறேன் என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு, முறையீட்டைத் தொடங்கி 20 நாள் ஆவதற்குள், பேபாலே விசாரித்து முடிவு சொல்லும் அடுத்த கட்டத்துக்கும் அதை உயர்த்தினேன்; அந்தக் கெடுவைத் தவறவிட்டால் முறையீடு தானாகவே மூடிக்கொள்ளும். முழுத் தொகையும் வந்து சேர்ந்தது. அந்த அந்நியர் என் கணினியில் என்னவெல்லாம் நிறுவினார் என்று தெரியாததால், வட்டை முழுக்க அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவினேன், கடவுச்சொற்களையும் மாற்றினேன். பணத்தை வாங்கியதைவிட இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

*

மேலே எழுதிய நண்பரைப்போல் எனக்கு ஐந்து மாதம் ஆகவில்லை, விஷயம் இரண்டாம் வாரத்திலேயே வெளிப்பட்டுவிட்டது. நான் வாங்கியது 'ஆபீஸ் புரொபஷனல் பிளஸ் 2019'. அந்தப் பதிப்பு நிறுவனங்களுக்கான மொத்த உரிமமாகவே விற்கப்பட்டது என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. ஒரே குறியீட்டைப் பலருக்கும் விற்றிருக்கிறார்கள். எனக்கு வந்தபோது, அதை எத்தனை கணினிகளில் பயன்படுத்தலாம் என்ற வரம்பு தீர்ந்துபோயிருந்தது.

விற்பனையாளர் பதிலே போடாததால் வங்கியிடம் சென்றேன். 'போலி' என்ற காரணத்தின் கீழ் விண்ணப்பித்தால், அது போலிதான் என்று தயாரிப்பு நிறுவனமோ தகுதியுள்ள நிபுணரோ சொன்னதற்கான ஆதாரம் வேண்டும் என்றார்கள். அந்த ஆதாரத்துக்காக அலைவதைவிட, 'விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை' என்ற காரணம் எளிது என்பது என் கருத்து; அதற்கு விளம்பரத்தின் நகலும், விற்பனையாளரிடம் நாம் முதலில் முறையிட்டதற்கான சான்றும் போதுமானவையாக இருந்தன. பொருளைத் திருப்பிக் கொடுக்க முயன்றீர்களா என்றும் படிவத்தில் கேட்டிருந்தது. எழுத்துக் குறியீட்டை எப்படித் திருப்பிக் கொடுப்பது? மென்பொருளை நீக்கிவிட்டேன், இனி அந்தக் குறியீட்டைப் பயன்படுத்த மாட்டேன் என்று விற்பனையாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலை இணைத்தேன். வங்கி அதை ஏற்றுக்கொண்டது.

*

எனக்கு வந்தது பெட்டியும் குறுந்தகடுமாக, பார்ப்பதற்கு அசல் போலவே இருந்தது. அசல் விண்டோஸ் தகட்டில் பளபளக்கும் ஹோலோகிராம் தகட்டோடு ஒன்றாகப் பதிந்திருக்கும். என்னுடையதில் ஓரத்தை நகத்தால் சுரண்டியதும், பலகாரப் பெட்டி மேல் ஒட்டிய தாள்போல் படலம் சுருண்டு வந்தது. அந்தச் சுருளை விரலில் பிடித்தபடி எடுத்த படம்தான் என் முறையீட்டில் இருந்த ஒரே ஆதாரம்.

விற்பனையாளர் மறுக்கவில்லை, தகட்டைத் திருப்பி அனுப்பினால் பணம் தருவதாகச் சொன்னார். போலி என்று தெரிந்த பிறகு அதை அஞ்சலில் அனுப்பி, அவர் இன்னொருவருக்கு விற்க நானே உதவ விரும்பவில்லை என்று முறையீட்டை விசாரித்தவர்களுக்கு எழுதினேன். தகட்டை அழித்துவிட்டுப் படம் அனுப்பச் சொன்னார்கள். கத்தரிக்கோலால் நான்காக வெட்டிப் படம் எடுத்து அனுப்பினேன். பணம் அந்த வாரமே கணக்கில் ஏறியது.